ஒன்பது நாளாக ஒரு மூக்குத்தி

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இருபத்திரண்டு வருஷ மணவாழ்க்கையை அந்த நான்கு பக்கத்தில் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு சின்னக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: "எங்க வீட்டுக்காரர் கொஞ்சம்கூட ரொமாண்டிக் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இதுக்குத் தமிழ்ல ஒரு சொல் இருக்கா? அப்படிச் சொல்றது சரியா?"

சொல்லைக் கேட்டது போலத் தெரிந்தாலும், உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் இரண்டாம் பக்கம். பல வருஷமாகப் போட்டிருந்த கல் மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் அம்மா விட்டுப்போன ஒற்றைப் பொட்டு மூக்குத்தியைப் போட்டுக்கொண்டீர்கள். சௌராஸ்டா மார்க்கெட்டில் மீன் விற்கும் சீன அக்கா முதல் நாளே பார்த்து, அழகாக இருக்கிறது என்று மலாயில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒன்பது நாளாகப் பார்க்கவில்லை. ஒன்பது என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் எதிரில் நின்று பசியாறப் பரிமாறிய ஒருவரால்தான் அப்படி எண்ண முடியும்.

முதலில் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளைக் குறிக்கிறது. சிடுசிடுவென்று விழுபவர் முசுடு. பெண்டாட்டி பக்கத்தில் இருந்தும் ஆசையில்லாதவர் போல ஒதுங்கிப் போகிறவரைக் கூட்டாளிகள் சாமியார் என்பார்கள். எது நடந்தாலும் முகத்தில் ஒன்றும் அசையாதவர் ஜடம். பேச்சிலும் பழக்கத்திலும் சுவையே இல்லாதவர் உப்புச்சப்பில்லாதவர். ஒரு பாட்டையோ படத்தையோ ரசிக்கத் தெரியாதவர் ரசனை கெட்டவர். எல்லாவற்றுக்கும் மேலே, பெண்கள் தங்களுக்குள் அதிகம் சொல்லிக்கொள்ளும் வார்த்தை ஒன்று உண்டு: கட்டை. "எங்க வீட்டு ஆள் ஒரு மரக்கட்டை."

இங்கே பினாங்கில் மலாய்க்காரர்களும் விறைப்பான, சுவாரசியமற்ற ஆளைக் 'காயு' என்றுதான் சொல்கிறார்கள். காயு என்றாலும் கட்டைதான். பந்து மைதானத்தில் நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் கூட்டம் முழுக்க எழுந்து நின்று "காயு!" என்று கத்துவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கண்ணெதிரே நடந்த ஆட்டத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் அந்தக் கோபம். மூக்குத்தியை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய அந்த வெளிநாட்டுச் சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. ரோமானியரின் லத்தீன் படித்தவர்களின் மொழியாக இருந்த காலத்தில், பிரான்சில் மக்கள் பேசும் மொழியில் எழுதப்பட்டதை 'ரொமான்ஸ்' என்றார்கள். அப்படி எழுதப்பட்டவற்றில் குதிரை வீரர்களின் சாகசமும் காதலும் நிறைந்த கதைகள் பெருகின. போகப் போக அந்தக் கதைகளுக்கே ரொமான்ஸ் என்று பெயராயிற்று. அந்தக் கதைகளில் வருவது போல இருப்பது ரொமாண்டிக் ஆயிற்று. பிரெஞ்சில் இன்றைக்கும் நாவலுக்குப் பெயர் 'ரொமான்' தான். மலாயிலும் 'ரொமான்' என்று நாவலைச் சொல்வதுண்டு. ஆகவே ஒருவரை ரொமாண்டிக் இல்லை என்று சொன்னால், அடிப்படையில் அவர் கதையில் வருகிறவர் மாதிரி இல்லை என்று சொல்கிறோம். நம் தலைமுறைக்குக் கதை என்றால் சினிமா. பூங்கொத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு, பிறந்த நாளுக்குத் திடீரென்று ஒரு பரிசு. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதையும் நீங்கள் கேட்கவில்லை. நான்கு பக்கத்தையும் மறுபடி படித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கர்னி டிரைவுக்குக் கூட்டிப் போகவில்லை என்றுகூட நீங்கள் குறைப்படவில்லை. அதனால்தான் அந்தச் சொல் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் குறை அதைவிடப் பெரியது. அதற்கு அந்தச் சொல் சின்னதாக இருக்கிறது.

சாப் கோ மே இரவில் பாடாங் கோத்தா பக்கம் போயிருப்பீர்கள். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், கலியாணமாகாத பெண்கள் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிந்து நல்ல புருஷன் வேண்டிக்கொள்வது இந்தத் தீவின் பழைய வழக்கம். நான் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஒருத்தி எறியுமுன் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று மறுநாள் கேட்டேன். "நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்கிற ஆள்" என்றாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பட்டினப்பாலை என்று ஒரு பாட்டு, பத்துப்பாட்டில் ஒன்று. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 301 அடி. கடைவீதி, கப்பல், சுங்கம், மூட்டை, குதிரை, மிளகு என்று ஊரே அதற்குள் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் குவிந்த சரக்குகளில் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெடாதான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் நம் கடற்கரையிலிருந்தே ஜெராய் மலை தெரிகிறதே, அந்தப் பூமி.

இவ்வளவும் எதற்காகப் பாடப்பட்டது தெரியுமா? பொருள் தேடிப் போகலாமா என்று ஒருவன் யோசிக்கிறான். இத்தனை வளமுள்ள பட்டினமே எனக்குக் கிடைத்தாலும் அவளை விட்டு வரமாட்டேன் என்கிறான். கடக்க வேண்டிய காடு மன்னன் வேலைவிட வெம்மையானது, அவள் தோளோ அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தது என்கிறான். 301 அடியில் இந்தப் பேச்சு ஒரு கைப்பிடிதான். ஆனாலும் அந்த ஊர் முழுவதும் ஒரு தட்டில், அவள் இன்னொரு தட்டில். ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன சொல்ல முடியும்?

ஆனால் சகோதரி, அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. தன் நெஞ்சிடம் சொல்கிறான். "வாரேன் வாழிய நெஞ்சே" என்கிற தொனியில்தான் அந்தப் பேச்சு முழுதும். அவளுக்கு அது கேட்டதா என்று பாட்டு சொல்வதில்லை. பல வருஷம் அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என் பாட்டியின் கதையோடு சேர்த்துப் பார்க்கும்வரை இது எனக்கு உறைக்கவில்லை.

என் தாத்தா 1936-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதும் வேலை. பாட்டி திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாமனார் வீட்டில் இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா அழகாக எழுதுவார். ஆனால் பெண்டாட்டி பெயருக்குக் கடிதம் எழுதுவது அன்றைக்கு வழக்கமில்லை. அண்ணன் பெயருக்கு எழுதுவார். வந்ததும் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். வீட்டார், அண்டை வீட்டார் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். பாட்டி கதவுக்குப் பின்னால் நிற்பாள். பத்துப் பதினைந்து பேர் கேட்கப் போகும் கடிதத்தில் ஒரு மனிதர் என்ன எழுதுவார்? நலம், நலமறிய அவா. இவ்வளவு ரூபாய் அனுப்பியிருக்கிறேன், இன்னாருக்கு இவ்வளவு. வரப்பு வெட்டியாயிற்றா. பசு சினையா.

1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 19-ஆம் தேதி ஜப்பானியர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர்கள் திரும்பி வரும்வரை தாத்தாவிடமிருந்து ஒரு வரி இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியாது. பாட்டி குங்குமம் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஊரில் பேச்சு எழுந்ததாம். வைத்துக்கொண்டாள். 1943-இல் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பசுவை விற்றாள்.

1946-இல் தாத்தா வந்தார். வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கினார். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பசு எங்கே?" என்றார்.

பாட்டி 1989-இல் சாகும்வரை இதைச் சொன்னாள். "வருஷக் கணக்கா செத்தானா பொழச்சானான்னு தெரியாம இருந்தேன். வந்தவன் பசுவைக் கேட்டான். கட்டை மனுஷன்." சொல்லும்போதெல்லாம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவள் சிரிக்கமாட்டாள்.

தாத்தா மறுபடி தனியாகப் பினாங்குக்குத் திரும்பினார். இங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகுவதற்கு முன், 1951-இல், பாட்டியை ராஜுலா கப்பலில் அழைத்து வந்தார். லெபோ பசாருக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருபது வருஷம் ஒன்றாக இருந்தார்கள். தினமும் வேலை முடிந்து வரும்போது ராணித் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு முழம் பூ வாங்கி வருவார். அதை அவள் கையில் கொடுக்கமாட்டார். சுவரில் ஆணி ஒன்று இருந்தது, அதில் மாட்டிவிட்டுப் போய்க் கால் கழுவுவார். அவள் அங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்வாள். அந்த ஆணியை நான் பார்த்திருக்கிறேன். பூ நார் உரசி உரசி அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு பச்சை வட்டம் விழுந்திருந்தது.

தாத்தா 1971-இல் போனார். 1984-இல் நான் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போய், பெரிய தாத்தா வீட்டுப் பரணிலிருந்து அந்தப் பழைய கடிதக் கட்டை எடுத்து வந்தேன். (அடுத்த வருஷம் பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தும் போயிற்று.) மாடி அறையில் பாட்டியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். 1948 புரட்டாசியில் எழுதிய ஒன்றில், உரம் வாங்கிய கணக்குக்கும் கோயில் வரிக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. ஐப்பசி மழைக்குக் கிணற்றடியில் பாசி பிடிக்கும், இடது காலைப் பார்த்து வைக்கும்படி வீட்டில் சொல்லவும் என்று. பாட்டிக்குச் சின்ன வயதில் இடது கணுக்கால் பிசகி, குளிர் நாளில் வலிக்கும். கடலுக்கு இந்தப் பக்கம் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு அது நினைவிருந்திருக்கிறது.

அந்த வரியைப் பெரிய தாத்தா திண்ணையில் படிக்கவில்லை. பாட்டி அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். அவள் உருகுவாள், கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவள் கோபப்பட்டாள். உண்மையான கோபம். "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை இப்போ நீ வந்து சொல்றே. இருபது வருஷம் இந்த ரூம்லதானே இருந்தான்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

இதை உங்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மதினியும் மூத்தவர்களும் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். "உழைச்சுக் கொண்டுவந்து போடுறாரே, அதுதாம்மா அன்பு." "வாய்தான் வராது, மனசு தங்கம்." இதைச் சொல்லியே எத்தனையோ பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள். தாத்தாவின் மனசு தங்கம்தான். கடிதமே சாட்சி. ஆனாலும் பாட்டியின் கோபம் நியாயமானது. அன்பு இருப்பது வேறு, அது போய்ச் சேருவது வேறு. சேராத அன்புக்காக ஒரு பெண் நன்றி சொல்லவேண்டும் என்று கேட்பது அநியாயம்.

இப்போது உங்கள் கேள்விக்கு என் பதில். நீங்கள் தேடும் சொல்லைக் குறளில் கண்டேன். கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம். இன்று அந்தச் சொல்லை 'பார்வைக் கோணம்' என்ற பொருளில் கட்டுரைகளில் தேய்த்துவிட்டோம். பழைய பொருள், ஒருவர் மேல் கண் இரக்கத்தோடு ஓடிப் படிவது. கண் இருந்தும் அந்த ஓட்டம் இல்லாதவர்கள் மண்ணில் ஊன்றிய மரத்துக்குச் சமம் என்கிறார் வள்ளுவர், 576-ஆம் குறளில். நம் வீட்டுப் பெண்கள் கட்டை என்று சொல்வதும் அதையேதான். வள்ளுவர் அந்த அதிகாரத்தை அரசனுக்குச் சொல்லும் பகுதியில் வைத்தார். நான் அதை உங்கள் சமையலறை மேசைக்கு எடுத்து வருகிறேன், அங்கேயும் அது வேண்டியிருக்கிறது. உங்கள் கணவரிடம் இல்லாதது ரொமான்ஸ் என்று சொல்லாதீர்கள். அவர் உடனே, "இந்த வயசில் எனக்கு அதெல்லாம் வராது" என்று கையை விரித்துவிடுவார், அதோடு பேச்சு முடிந்துபோகும். கண்ணோட்டம் இல்லை என்று சொல்லுங்கள். பூங்கொத்துக் கொடுக்கக் கூச்சப்படுகிறவர் உண்டு. எதிரில் இருக்கும் முகத்தைப் பார்க்க யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை, வயசும் தடையில்லை.

இன்னொன்று. "எங்களுக்குள் சண்டையே வராது" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல விஷயமாக நினைத்து எழுதினீர்களா, வருத்தமாக எழுதினீர்களா என்று தெரியவில்லை. எனக்கு அது வருத்தம் தந்தது. காமத்துப்பாலின் 250 குறளில் கடைசி முப்பதும் ஊடலைப் பற்றியவை. ஊடல் உணவுக்கு உப்புப் போல, அளவோடு இருக்கவேண்டும் என்கிறது ஒரு குறள். உப்புச்சப்பில்லாத ஆள் என்று நாம் சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள். புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் ஒருவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள், அடுத்த நொடியே, யார் உன்னை நினைத்தார்கள் என்று அழுகிறாள். எல்லாரையும்விட உன்னிடம் பிரியம் என்கிறான். யாரையெல்லாம்விட என்று பிடித்துக்கொள்கிறாள். இந்தப் பிறவியில் பிரியமாட்டோம் என்கிறான். அப்படியானால் மறுபிறவியில் பிரிவாயா என்று கண்ணீர் விடுகிறாள். பட்டினப்பாலைத் தலைவன் நெஞ்சிடம் சொன்னான். இவன் அவளிடமே சொல்கிறான், ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான், மறுபடியும் சொல்கிறான். எனக்கு இவனைத்தான் பிடிக்கிறது.

நீங்கள் இதுவரை உங்கள் குறையை மதினியிடம் சொன்னீர்கள், வேலையிடத்துத் தோழியிடம் சொன்னீர்கள், இப்போது முகம் தெரியாத எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னதாக ஒரு வரி அந்தக் கடிதத்தில் இல்லை. குற்றம் சொல்லவில்லை. என் பாட்டியும் பசுக் கதையை ஊர் முழுக்கச் சொன்னாள். தாத்தா இருந்தவரை அவரிடம் கேட்டதில்லை என்று கடைசிக் காலத்தில் என்னிடம் ஒத்துக்கொண்டாள். அவர் அண்ணனுக்கு எழுதினார், இவள் பேரனிடம் சொன்னாள். நடுவில் இருந்தது ஒரு பத்தடி அறை.

அதனால் ஒன்று செய்யுங்கள். மூக்குத்தியைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். கிண்டலாக வேண்டாம், மகளை விட்டுச் சொல்லவும் வேண்டாம். இரவு அவர் சாப்பிட்டு எழுந்திருக்குமுன் எதிரில் உட்கார்ந்து, "இது எங்க அம்மா மூக்குத்தி. இத்தனை நாளா போட்டிருக்கேன். நீங்க பார்ப்பீங்கன்னு ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அவர் திகைப்பார். ஏதாவது தப்பாகவும் சொல்லக்கூடும், விலை எவ்வளவு என்றுகூடக் கேட்கக்கூடும். கேட்டால் கோபப்படுங்கள். நேரிலேயே கோபப்படுங்கள். அவர் பதில் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

உங்கள் கடிதம் வந்து, இதை நான் எழுதி முடிப்பதற்குள் ஒன்பது நாள் இருபத்துமூன்று நாளாகியிருக்கும். அதற்குள் அவரே பார்த்திருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். எப்படியானாலும், என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜார்ஜ் டவுனிலிருந்து
உங்கள் சகோதரன்